ஏழாவது ஜெபக்குறிப்பு

செப்டம்பர் 4 (எழுதுவது 7ஆம் தேதி)

வந்து பத்து நாளாகிறது. மலாவி நாட்டின் தெற்கே நாமிலோங்கோ என்ற ஊர். மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அத்தானுக்கு இயற்பியலும் வேதபாடமும், எனக்குக் கணக்கு. பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வீடு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தபித்தாவுக்கு ஒன்றரை வயது. அவளுக்காக நான் ஊரிலிருந்து கொண்டுவந்தவை: காய்ச்சல் மருந்து பதினான்கு பாட்டில், கொசுவலை இரண்டு, இட்லி அரிசி ஐந்து கிலோ, தெர்மாமீட்டர் மூன்று. ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டும். இருக்கிற இரண்டும் வேறு வேறு அளவு காட்டினால் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது வேண்டும்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை வைத்துப் பார்க்கிறேன். காய்ச்சல் இல்லை. மூன்றும் சேர்ந்து பொய் சொல்லாது என்கிறார் அத்தான். அவருக்கு எதுவுமே வேடிக்கைதான்.

செப்டம்பர் 9

முதல் வகுப்பு. அறுபத்துமூன்று பேர். நோட்டைக் கொடுக்க வந்த ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் சட்டென்று முழங்காலில் இறங்கினாள். மயங்கி விழுகிறாள் என்று பாய்ந்து தாங்கிப் பிடித்தேன். அடுத்தவளும் இறங்கினாள். அவளையும் பிடித்தேன். மூன்றாவது பெண்ணைத் தூக்கி நிறுத்தும்போதுதான் வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

பெரியவர்களிடம் ஒன்றைக் கொடுக்கும்போது மண்டியிடுவது இங்கே பெண்பிள்ளைகளின் மரியாதையாம். மரியாதை செய்ய வந்தவர்களைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மாயி சிசாலேதான் இதை விளக்கினார். மாணவியர் விடுதிக்கு அவர்தான் பொறுப்பாளர், சபையின் மாதர் சங்கத்துக்குத் தலைவி. மாயி என்றால் அம்மா. கல்யாணமான பெண்களைப் புருஷன் பேரோடு சேர்த்து எல்லாரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் மாயி கிதியோன். "மூணு பேரோட நிறுத்திட்டீங்களே, மத்தவங்க வரிசையில காத்துக்கிட்டிருந்தாங்க" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அவர் பேசுவது நிதானமான ஆங்கிலம். அதை என் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 18

தண்ணீர் வரவில்லை. தபி மூன்று நாளாக எதையும் விழுங்கவில்லை, அழுகை, லேசான சூடு. மூன்று தெர்மாமீட்டரும் மூன்று அளவு. பருப்பு வைத்தேன். குக்கர் முதல் விசில் அடித்ததும் அக்கம்பக்கத்து ஆட்கள் எதுவோ வெடிக்கப் போகிறது என்று ஓடிவந்து என்னையும் தபியையும் இழுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஒன்றுமில்லை, பருப்புதான் என்று நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் பருப்பு கரியாகிவிட்டது.

ஜெபக்குறிப்பு அனுப்ப வேண்டிய நாள் இன்று. எங்களைத் தாங்குவது கிருபாபுரம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம். மாதம் ஒரு தடவை நாங்கள் குறிப்பு அனுப்ப வேண்டும், அவர்கள் அதை வைத்து ஜெபிப்பார்கள். அத்தான் எழுதினால் எல்லாம் ஸ்தோத்திரமாகவே இருக்கும், ஜெபிக்க ஒன்றும் மிஞ்சாது என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஆறு குறிப்பு எழுதினேன். மாணவர்கள், மழை, மொழி, இப்படி. பிறகு கரிந்த குக்கரைப் பார்த்தேன். ஏழாவதாக எழுதினேன்: "கர்த்தருக்குச் சித்தமானால் எங்களைச் சீக்கிரமாய் ஊருக்குத் திரும்பக் கூட்டிவர வாசல் திறக்கும்படி."

அனுப்பியும் விட்டேன். அத்தானிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 20

தபிக்குக் கடைவாய்ப் பல் வந்துவிட்டது. சூடு, அழுகை எல்லாம் அதற்குத்தான். தண்ணீரும் வந்துவிட்டது.

ஏழாம் குறிப்பை இரண்டு நாள் பொறுத்து எழுதியிருக்கலாம்.

செப்டம்பர் 22 (எழுதுவது 25)

சங்கத்துக் காரியதரிசி சுகிர்தம் பெரியம்மாவிடமிருந்து குரல் செய்தி. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர் என்பதால் ஜெபத்தையும் விசில் ஊதி நடத்துகிற மாதிரிதான் நடத்துவார். ஏழாம் குறிப்பை வாசித்ததும் சங்கத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்களாம். அக்டோபர் ஒன்றிலிருந்து நாற்பது நாள் சங்கிலி ஜெபம். மொத்தம் நாற்பத்திரண்டு பேர். காலை ஐந்து மணிக்கு ஒருவர் தொடங்கினால் மணிக்கு ஒருவராக மாறி மாறிப் பொழுது சாயும்வரை. பேர் போட்டு நோட்டீஸ் அச்சடித்தாகிவிட்டது.

வேறு யாராவது ஜெபித்தால் பரவாயில்லை. இவர்கள் ஜெபித்து நடக்காமல் போனதாக நினைவே இல்லை. பஸ் நிற்காமல் போய்க்கொண்டிருந்த கிருபாபுரத்தில் பஸ் நின்றது. பல் டாக்டர் கிரேனாப் அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் மாப்பிள்ளை வந்தது. போன வருஷம் மழைக்காக உட்கார்ந்தார்கள். பதினோராம் நாள் எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் தம் வீட்டுக் கட்டிலின் மேல் ஏறி நின்று, போதும் என்று ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 30

மத்தியானம் தபியைக் காணவில்லை. ஒன்றரை நிமிஷம் இருக்கும். அதற்குள் பாம்பு, கிணறு, ஆள் கடத்தல் எல்லாம் நினைத்து முடித்துவிட்டேன். மாயி சிசாலே வீட்டு முற்றத்தில் அவர் முதுகில் துணியால் இறுக்கிக் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். வாய் நிறைய நிசிமா. மக்காச்சோள மாவை நம் களி போலக் கெட்டியாகக் கிண்டியது. தொட்டுக்கொள்ள உசிபா என்ற காய்ந்த பொடிமீன். நம் நெத்திலிக் கருவாடு அப்படியே, தக்காளி போட்டு.

ஐந்து கிலோ இட்லி அரிசி கொண்டுவந்தவள் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு உருண்டை தின்றாள். மூன்றாவதுக்கு வாயைத் திறந்தாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் பார்த்தேன், இருவருக்கும். இல்லை.

அக்டோபர் 1

சங்கிலி தொடங்கிவிட்டது. அங்கே காலை ஐந்து என்றால் இங்கே ஒன்றரை. நான் புரண்டு படுப்பதற்குள் சுகிர்தம் பெரியம்மாவின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிடும்.

அக்டோபர் 12 (எழுதுவது 15)

பன்னிரண்டாம் நாள். காற்றில் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. ஒன்று பள்ளி மைதானத்தில், இன்னொன்றைக் காணவே இல்லை. இரண்டு நாள் கழித்து, குடியேற்ற அலுவலகத்தில் எங்கள் கோப்பில் ஒரு தாளைக் காணோம் என்று கடிதம். தகரமும் தாளும் ஒரே வாரத்தில் காணாமல் போவது தற்செயல் என்று சொல்லிக்கொள்கிறேன். வாசல் திறக்கத்தான் கேட்டேன், கூரையை அல்ல.

அத்தான் தகரம் அடிக்க ஏறினார். மாயி சிசாலேயும் இரண்டு ஆசிரியர்களும் வந்து உதவினார்கள். எந்த வேலை செய்தாலும் பாடுகிறவர் அத்தான், இந்தத் தடவை பாடவில்லை. இறங்கிவந்து, "இங்க ஒனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கோ எப்சிபா?" என்று கேட்டார். கூரை இல்லாத வீட்டில் என்ன பதில் சொல்வது? சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19

வகுப்பில் பின்னம் பிடிபடாமல் இருந்த இருபத்துமூன்று பேருக்கு நிசிமா உருண்டையைப் பங்கு வைத்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டார்கள். பதினேழு பேர் எல்லாக் கணக்கும் சரி. கடைசி வரிசைப் பெண் நோட்டை நீட்டி மண்டியிட்டாள். நானும் மண்டியிட்டுத்தான் வாங்கினேன், முட்டி வலிக்க. அது முறையில்லை என்றார் மாயி சிசாலே. முறையில்லாவிட்டாலும் கணக்கு சரி என்றேன்.

தேர்வு முடியும்வரை இந்த வகுப்பில் ஆள் மாறக் கூடாது. பொதுவாகச் சொல்கிறேன். எந்த ஆசிரியராக இருந்தாலும்.

தபி முதல் சொல் சொன்னாள். உள்ளே வரலாமா என்பதற்கு இங்கே வீட்டு வாசலில் நின்று சொல்கிறார்களே, "ஓடி" என்று, அது. அம்மா இல்லை, அப்பா இல்லை. வெளியே போய் நின்றுகொண்டு, நான் உள்ளே வரச் சொல்லும்வரை "ஓடி, ஓடி" என்கிறாள். சொந்த வீட்டுக்குள் அனுமதி கேட்டு வருகிற பிள்ளை.

அக்டோபர் 20

வீட்டுக்குப் பின்னால் தான் வளர்த்த தக்காளி நாற்றையெல்லாம் அத்தான் மாயி சிசாலேக்குக் கொடுத்துவிட்டார். காய்க்கும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்றார். நாம் இல்லையா என்று கேட்க நினைத்தேன். தபி அதற்குள் சோப்பைத் தின்றுவிட்டாள்.

அக்டோபர் 22

மிஷன் அலுவலகத்திலிருந்து கடிதம். கிருபாபுரம் மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் இடம் காலியாம், இருவரும் கிறிஸ்துமஸுக்குள் திரும்பலாம், நவம்பர் 9க்குள் பதில் வேண்டும். "வாசல் திறந்திருக்கிறது" என்றே எழுதியிருக்கிறார்கள்.

நவம்பர் 9 நாற்பதாம் நாள்.

அத்தான் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "ஒனக்குச் சந்தோஷந்தானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. அவருக்குத்தான் ஊர் நினைவு வந்து தேடுகிறதோ என்று நினைத்துவிட்டேன்.

அக்டோபர் 23

ஜெபத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். முதலில் கிருபாபுரம் செய்தி எல்லாம் வந்தது. பிறகு மெல்ல ஆரம்பித்தேன். ஏழாம் குறிப்பை எடுத்துவிடலாமா, இங்கே இப்போது அவ்வளவு மோசமில்லை, பிள்ளை சாப்பிடுகிறாள் என்றேன்.

"என்னட்டி சொல்லுத?"

"நிறுத்திரலாம்னு சொல்லுதேன் பெரியம்மா."

"இருபத்திமூணு நாள் முடிஞ்சிருக்கு. நாப்பத்திரண்டு பொம்பளைய முழங்கால்ல நிக்காளுவ. எஸ்தர் பாய்க்கு முட்டி வீங்கிப் போச்சு. இப்பப் போயி வேண்டாம்ன்னா அவ முட்டிக்கு என்ன பதில் சொல்லுதது?"

அவர் முட்டிக்கு நானும் ஜெபிக்கிறேன் என்றேன்.

"ஏட்டி, இது ஒன் மனசு இல்ல. இது சோதனை. வாசல் தொறக்கப் போற நேரத்துல பிசாசு இப்பிடித்தான் வேண்டாம்ன்னு சொல்ல வைப்பான். நீ பயப்படாத. இன்னைக்கே இன்னும் ரெண்டு மணி நேரம் கூட்டிருதோம்."

கூட்டிவிட்டார்கள். இப்போது காலை மூன்றிலிருந்து.

அக்டோபர் 25 (எழுதுவது 28)

வேறு வழியில்லாமல் மாயி சிசாலேயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உசிபாவுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். ஏழாம் குறிப்பு, சங்கிலி, பறந்த தகரம், காணாமல் போன தாள், வந்த கடிதம். முழுவதும் கேட்டார். பிறகு மீனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்து. எனக்கு அழுகை வந்தது. அது வந்ததும் அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"அங்க எத்தனை பேர்?"

"நாற்பத்திரண்டு."

"நாங்க முப்பத்தொண்ணு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நாங்க சத்தமா ஜெபிப்போம்."

அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்ற என் பெரிய கவலையையும் சொன்னேன். "கடவுள் என்ன, ஆஸ்பத்திரியில சீட்டுக் கொடுத்து வந்த வரிசையில கூப்பிடற மாதிரியா கேக்கறாரு?" என்றார். ஒரு நிபந்தனை போட்டார். ஒன்பதாம் தேதிக்குள் கிதியோன் சாரிடம் நானே சொல்லிவிட வேண்டும். புருஷனுக்குத் தெரியாத விஷயத்துக்கு மாதர் சங்கம் ஜெபிப்பதில்லையாம்.

சொல்லுவேன்.

அக்டோபர் 29

தினம் காலை ஆறு மணி, பள்ளி மாமரத்தடி. எனக்கு ஒரு வெள்ளைத் தலைத்துணி கொடுத்திருக்கிறார்கள். கிருபாபுரத்தில் முக்காடு போட்டு உதடு அசையாமல் ஜெபித்துப் பழகியவள் நான். இங்கே பாடி, கைதட்டி, ஆடித்தான் தொடங்குகிறார்கள். ஆடும்போது என் சேலைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது. ஜெபத்தை நிறுத்தாமலே இரண்டு பேர் சொருகிவிட்டார்கள்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கே போகிறாய் என்றார். ஜெபத்துக்கு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் சேத்து ஜெபி" என்றார்.

நவம்பர் 3

குடியேற்ற அலுவலகத்தில் அந்தத் தாள் கிடைத்துவிட்டதாம். மாமரத்தடி முப்பத்தொரு பேர் கிருபாபுரத்தைவிட ஒரு தாள் முன்னிலை.

நவம்பர் 5

முதல் மழை. விட்டதும் மண்ணைப் பிளந்துகொண்டு ஈசல் புறப்பட்டது. பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள். நான் அருவருப்பேன் என்று மாயி சிசாலே ஓரக்கண்ணால் பார்த்தார். எங்கள் அம்மா ஊர்ப்பக்கம் பொரியோடு வறுத்துத் தின்போம் என்று சொல்லாமல், வாணலியை எடுத்துவந்து இறகைப் புடைத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு வறுத்துக் கொடுத்தேன். மாயி சிசாலே ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு தட்டுகள் நீண்டன. விடுதிச் சமையலுக்கு இனி மிளகாய்ப்பொடி நான்தான் தர வேண்டுமாம்.

போகிறவளிடம் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். நான் போவதாகவோ இருப்பதாகவோ எதுவும் எழுதவில்லை.

நவம்பர் 8

இன்றே எழுதுகிறேன்.

முதல் பாடவேளையில் வரைபடத்தாள் எடுக்க ஆசிரியர் அறையில் அத்தான் மேசையைத் திறந்தேன். அலுவலகத்துக்கு அவர் எழுதிவைத்த பதில் இருந்தது. நாளை அனுப்ப. முதல் வரி: "என் மனைவியின் நிலைமையை முன்னிட்டு, செப்டம்பர் 27 அன்று நான் செய்துகொண்ட விண்ணப்பத்துக்கு இரங்கி எங்களைத் திரும்ப அழைத்ததற்கு நன்றி."

செப்டம்பர் 27. சங்கிலி தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால். வாசலைத் திறந்தது நாற்பத்திரண்டு பேரும் இல்லை, இவர்.

சாக்பீஸோடு மைதானத்தைத் தாண்டி ஓடினேன். அவர் வகுப்பில் ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றே தமிழில் சொல்லிவிட்டேன்.

"அத்தான், நான் போகல."

"எங்க?"

"ஊருக்கு."

அவர் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். ஏழாம் குறிப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நோட்டீஸ் அச்சடித்த அன்றைக்கே அவர் அக்கா அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார். அந்தக் குழுவில் நான் இல்லை. நான்தான், நூற்றெண்பது காலை வணக்கம் வருகிறதென்று மே மாதமே வெளியேறிவிட்டேன்.

"அப்பவே கேட்டிருக்கலாம்லா?"

"எங்கிட்ட சொல்லாம நாப்பத்திரண்டு பேருகிட்டச் சொல்லிருக்க. அப்பம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பன்னு நெனச்சேன்." ஊசலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "தக்காளி நாத்தக் கூடக் குடுத்துட்டேன்" என்றார்.

முன் வரிசைப் பையன் எழுந்து, பாடம் இருக்கிறதா இல்லையா என்று மரியாதையாகக் கேட்டான். இருக்கிறது என்றார் அத்தான். ஊசலைத் திரும்ப ஆட்டிவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். நாலு வாரத்துக்குப் பிறகு முதல் பாட்டு. குரல் எப்போதும்போல மோசம்.

நவம்பர் 9

நாற்பதாம் நாள். காலையில் மாமரத்தடியில் நடந்ததையெல்லாம் சாட்சியாகச் சொன்னேன். மாயி சிசாலே மொழிபெயர்த்தார். நான் மூன்று வாக்கியம் பேசினால் அவர் பத்து நிமிஷம் பேசினார், இடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பறந்துபோன தகரத்தை அவர் கையால் நடித்துக் காட்டியது மட்டும் புரிந்தது.

அத்தான் பழைய பதிலைக் கிழித்துவிட்டு, இருக்கிறோம் என்று எழுதி அனுப்பினார். பிறகு நான் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். பிசாசு இல்லை, சோதனை இல்லை, நான்தான், எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்று சொன்னேன். பெரியம்மாவிடம் மழுப்பாமல் பேசுவது இதுதான் முதல் தடவை. பெரியம்மா என்னை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தார்.

"அப்பம் நாங்க நாப்பது நாள் ஜெபிச்சத என்ன செய்யட்டி? எங்க கொண்டு வைக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மாவே, சங்கத்தைக் கூட்டிக் கேட்கிறேன் என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 10

மாயி சிசாலே தக்காளி நாற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். பாதியை. மீதி அவர் ஜெபத்துக்காம்.

நவம்பர் 14 (எழுதுவது 17)

பெரியம்மாவின் குரல் செய்தி. பின்னால் நாற்பத்திரண்டு பேரும் பேசுவது கேட்கிறது.

"எப்சிபா, கூடிப் பேசி முடிவு பண்ணியாச்சு. வாசல் தொறக்கச் சொல்லிக் கேட்டோம், தொறந்துட்டு. தொறந்த வாசல சும்மா அடைக்கது மரியாதை இல்ல. நீ வரலன்னா நாங்க வாரோம். ஈஸ்டர் முடிஞ்சதும் ஆறு பேரு. எஸ்தர் பாயும் வாராவ, முட்டிக்குத் தைலம் எடுத்துக்கிடுவாவ. ஆளுக்கு முப்பது கிலோ கொண்டு வரலாமாம், இட்லி அரிசி போதுமான்னு சொல்லு. பாஸ்போர்ட் காரியத்துக்காக நீங்களும் அங்க ஜெபிச்சிக்கிடுங்க."

அத்தான் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்று தடவையும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். தபி வெளியே போய் நின்று "ஓடி" என்றாள். வா என்றேன். இந்த ஆறு பேரும் இப்படிக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை.

மாயி சிசாலேயிடம் சொன்னேன். நாளைக் காலைக்கு மாதர் சங்கத்தைக் கூட்டிவிட்டார். "வரணும்னு ஜெபிக்கணுமா, வரக் கூடாதுன்னா?" என்று கேட்டார். எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் தயாராக இருந்தன. குறிப்பு இல்லாமல் இவர்களும் ஜெபிப்பதில்லை.

யோசித்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒன்று, ஆறு பேரும் வர வேண்டும். இரண்டு, ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். மூன்று, பெரியம்மா தம் விசிலைக் கிருபாபுரத்திலேயே மறந்து வைத்துவிட்டு வர வேண்டும்.

ஏழாவதுவரை போகவில்லை. அதில் நான் கவனமாக இருக்கிறேன்.